கால் ஒடிந்த நண்டு யாருக்கு?

“இங்கன ஓரம் சொல்லிக் குடுத்த டீச்சரு யாரு?”

போன வாரம் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். சர்ச் வாசலில் நின்று ஒருவர் இப்படிக் கேட்டார். கேட்டார் என்று எழுதுவது மரியாதைக்காக. கத்தினார்.

கையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள் சுருட்டிப் போட்ட நைலான் வலை. வலைக்குள் ஏழெட்டு நண்டுகள். எல்லாம் முந்தின நாளே செத்துப்போனவை. அவர் வாசலில் நின்றார், வாடை மட்டும் அனுமதி கேட்காமல் உள்ளே வந்துவிட்டது.

உள்ளே இருபத்தாறு பிள்ளைகள் ஆக்‌ஷன் சாங் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு நின்றது. இருபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் என்னை நோக்கிக் கையை நீட்டினார்கள். அந்த ஒற்றுமையை நான் சொல்லிக்கொடுத்த எந்த ஆக்‌ஷனிலும் அவர்கள் காட்டியதில்லை.

ஆமாம்... அந்த டீச்சர் நான்தான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். யார் என்ன கேட்டாலும் “சரி” என்று சொல்லிவிடுவேன். ராமநாதபுரத்தில் நானும் என் கணவரும் மருந்துக்கடை வைத்திருக்கிறோம். ஏப்ரல் கடைசியில் ஒரு பாஸ்டர் இருமல் மருந்து வாங்க வந்தார். உச்சிப்புளியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ரோட்டில் அவருடைய சபை. சின்னச் சபை. “சிஸ்டர், இந்த வருஷம் வி.பி.எஸ்.க்கு ஒரு டீச்சர் குறையுது. பத்தே நாள்தான்” என்றார். இருமிக்கொண்டே கேட்டார். எப்படி மறுப்பது?

வி.பி.எஸ். என்றால் கோடை லீவில் பிள்ளைகளுக்கு நடத்துகிற வேதப் பள்ளி. பாட்டு, கதை, கலர் பேப்பர், பதினோரு மணிக்கு பன்னும் டீயும். சபைப் பிள்ளைகள் மட்டும் வருவார்கள் என்று நினைக்காதீர்கள். தெருவில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள். சாமி வித்தியாசம் பன்னுக்குத் தெரியாது.

“கடையை நான் பார்த்துக்கறேன். நீ போய் அந்தப் பிள்ளைகளைக் கெடுத்துட்டு வா” என்று கணவர் வழியனுப்பினார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

இந்த வருஷத் தலைப்பு நியாயமும் இரக்கமும். இரண்டாம் நாள் பாடம் அறுவடையைப் பற்றியது. வயலை அறுக்கிறவன் ஓரம் வரைக்கும் வழித்து அறுக்கக் கூடாது. சிந்தின கதிரைத் திரும்பப் போய்ப் பொறுக்கக் கூடாது. அதெல்லாம் ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது. வேதத்தில் இருக்கிற பழைய சட்டம் இது. தர்மம் செய் என்று கெஞ்சுகிற பேச்சு இல்லை. சட்டம்.

‘பரதேசி’ என்றதும் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவர்கள் ஊரில் அது திட்டுகிற வார்த்தை. நான் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, “வேற ஊர்ல இருந்து பிழைக்க வந்தவங்கன்னு அர்த்தம்” என்றேன்.

பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கார்த்திகா. ஒன்பது வயது. நெற்றியில் திருநீறு, சட்டையில் நாங்கள் ஒட்டிவிட்ட வி.பி.எஸ். ஸ்டிக்கர். “அப்ப நான் பரதேசியா டீச்சர்? நான் உத்தரகோசமங்கைப் பக்கமிருந்து வாரேன். ரெண்டு பஸ்ஸு மாறணும்.”

மறுபடியும் சிரிப்பு. கார்த்திகாவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த படத்தைக் காட்டினேன்.

அப்போதுதான் முன் வரிசையிலிருந்து ரோஸ்லின் எழுந்தாள். பத்து வயது. கண்ணில் படுவதை எல்லாம் கேள்வியாக்குகிற ஜாதி. “எங்க வீட்டுல வயலு கெடையாது டீச்சர். எங்கப்பாவுக்கு வள்ளமும் வலையுந்தான். கடலுக்கு ஓரம் எங்கன இருக்கு?”

நான் பி.ஃபார்ம். படித்தவள். மாத்திரைக்கு எத்தனை வேளை என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். கடலுக்கு ஓரம் எங்கே என்று எந்தக் கோர்ஸில் சொல்லிக் கொடுத்தார்கள்?

பதில் தெரியாத வாத்தியார்கள் உலகம் முழுக்க என்ன செய்வார்களோ, அதையே நானும் செய்தேன். “நல்ல கேள்வி! அதுதான் இன்னைக்கு ஹோம்வொர்க். எல்லாரும் அவங்கவங்க வீட்டுல ஓரம் எதுன்னு கண்டுபிடிச்சு, அதை விட்டு வைக்கணும்” என்றேன்.

மறுநாள் விளைவுகள் வந்து சேர்ந்தன.

ஒரு பையன் வாசல் கூட்டும்போது நாலு மூலையையும் கூட்டாமல் விட்டிருந்தான். “ஏன்டா?” என்றால், “ஏழைக்கு, டீச்சர்.” குப்பையை வைத்துக்கொண்டு ஏழை என்ன செய்வார்? அது பாடத்தில் இல்லையாம். இன்னொருத்தன் தோசையின் நடுவைத் தின்றுவிட்டு முறுகலான ஓரத்தைத் தட்டிலேயே வைத்திருக்கிறான். அவன் அம்மா தண்ணீர்க் குழாயில் என்னைப் பார்த்து, “எம்மவன் முறுகலத்தான் தின்பான். அவனுக்கு என்ன செஞ்சீக?” என்று கவலையோடு கேட்டார். ஒரு குட்டிப்பெண் பல் விளக்கும்போது கடைவாய்ப் பல்லை விட்டுவிட்டாள். அந்தத் தியாகத்தை என்னவென்று சொல்வது?

எல்லாருக்கும் ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டினேன். கார்த்திகா மட்டும் கையை நீட்டவில்லை.

“நீ எதையும் விட்டு வைக்கலையாம்மா?”

“நாங்க பொறுக்குற ஆளுக டீச்சர்” என்றாள். கூச்சமோ வருத்தமோ குரலில் இல்லை. ‘நாங்க வடக்குத் தெரு’ என்று வீட்டு அடையாளம் சொல்வதுபோலச் சொன்னாள்.

அதன் பிறகுதான் விசாரித்தேன். கார்த்திகாவின் அம்மா பாண்டியம்மாள். ஊரில் விவசாயக் கூலி. முண்டு மிளகாய்ப் பறிப்பு முடிந்துவிட்டால் மழை வரைக்கும் அங்கே வேலை கிடையாது. ஆகவே ஒவ்வொரு கோடையிலும் முதல் பஸ்ஸைப் பிடித்து மகளையும் கூட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்துவிடுவார். விடியக்காலை கடலுக்குப் போன வள்ளங்கள் ஏழு மணிவாக்கில் நண்டு வலையோடு வரும். வலையில் சிக்கின நண்டை உயிரோடு, காலும் கொடுக்கும் ஒடியாமல் எடுப்பது லேசான வேலை இல்லை. அவசரப்பட்டால் கால் கையோடு வந்துவிடும். கால் ஒடிந்த நண்டுக்கு விலை கிடையாது.

அதனால் இந்தக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. வலையருகே உட்கார்ந்து நண்டு எடுத்துக் கொடுக்கிறவர்களுக்குக் கூலி இல்லை. ஒடிந்த நண்டெல்லாம் அவர்களுக்கு. அதைக் கூடையில் போட்டுக்கொண்டு பாண்டியம்மாள் மதிய பஸ்ஸில் ஊருக்குப் போய் விற்பார். அவருடைய கோடைக்காலச் சாப்பாடு, கார்த்திகாவின் ஸ்கூல் பை, எல்லாம் அந்த ஒடிந்த கால்களில் நின்றது.

இந்த வருஷம் அது போய்விட்டது. நண்டு வாங்குகிற கம்பெனி வேன் ஒடிந்ததையும் கொஞ்சம் குறைத்துப் போட்டு எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. சம்மாட்டிகள் — வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருக்கிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள் — கூடிப் பேசி, வெளியாள் இனி வலையில் கை வைக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆனாலும் பாண்டியம்மாள் தினமும் வந்துகொண்டிருந்தார். ரோட்டோரப் பனை நிழலில் உட்கார்ந்திருப்பார். யாராவது ஐஸ் பெட்டி தூக்கக் கூப்பிடலாம் இல்லையா? பல நாள் கூப்பிட மாட்டார்கள். அதுவரை மகள் எங்கள் வகுப்பில் பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போவார்.

இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த கருணைக்கடல் பொங்கிவிட்டது. மறுநாளே பத்துக் கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வாங்கி ஒரு பையில் போட்டேன். பைக்கு ஒரு சிவப்பு ரிப்பன். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, ரோஸ்லின் கையால் கொடுக்கச் சொன்னேன். இரக்கத்தை நேரடியாகச் செய்து காட்டுகிறேனாம். பாஸ்டர் போனைத் தூக்கிப் பிடித்தார், ரிப்போர்ட்டுக்குப் போட்டோ வேண்டுமே.

பாண்டியம்மாள் எழுந்து நின்றார். பையைப் பார்த்தார். வரிசையில் தன் மகளும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

“கோவிச்சுக்கிறாதீக டீச்சர். அரிசி ரேசன்ல சும்மாத்தான் குடுக்காக. பஸ்ஸுலயும் பொம்பளைகளுக்கு டிக்கெட்டு கெடையாது. எனக்கு அந்தா... அந்த வலைகிட்ட உக்கார எடந்தான் இல்ல. அத ஆராச்சும் பைல போட்டுக் குடுப்பாகளா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாஸ்டர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெற்ற மகளை வரிசையில் நிறுத்தி அவள் கண் முன்னாலேயே அம்மாவை ஏழையாக்கப் பார்த்தேனே, அந்த ஒரு விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை? முந்தாநாள் “தர்மம் இல்லை, சட்டம்” என்று போர்டில் எழுதியவளும் நான்தான். எழுதுகிறபோது புரிகிற விஷயம் ரிப்பன் கட்டுகிறபோது புரிய மாட்டேன் என்கிறது.

ரிப்பன் கட்டின பை மறுபடி என் ஸ்கூட்டியில் ஏறி ராமநாதபுரம் திரும்பியது. “என்ன, ஏழைகள் இல்லையா?” என்றார் கணவர். நான் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

நான் திரும்பிவிட்டேன். ரோஸ்லின் திரும்பவில்லை. உட்கார இடம் இல்லை என்று பாண்டியம்மாள் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள் அல்லவா? அந்தப் பிள்ளைக்குக் கடலின் ஓரம் எங்கே என்று கண்டுபிடித்தாக வேண்டும். மறுநாள் காலை, அப்பாவோடு உட்கார்ந்து நண்டு எடுத்திருக்கிறாள். கடைசி மூன்று முழம் வலை வந்ததும் நண்டோடு அப்படியே சுருட்டி, ஒரு முடிச்சும் போட்டுவிட்டாள். ஓடிப்போய்ப் பனை நிழலில் சொல்லியும் விட்டாள். “ஒங்களுக்கு ஓரம் விட்டு வச்சிருக்கேன். போயி எடுத்துக்கோங்க.”

பாண்டியம்மாள் பதறிப்போய், “வேணாம் ஆத்தா, ஒங்கப்பாரு வைவாரு” என்றிருக்கிறார். இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. யாருமே எடுக்காத நண்டு உள்ளேயே கிடந்து, வலையைக் கொடுக்கால் கிழித்து, செத்து, நாறி... மறுநாள் காலை தொட்டியில் ஏறி சர்ச் வாசலுக்கு வந்து சேர்ந்தது. தூக்கி வந்தவர் ரோஸ்லினின் அப்பா, பிரான்சிஸ் சம்மாட்டி. சபைக் கமிட்டியிலும் அவர்தான் பெரிய ஆள்.

இப்போது நீங்கள் வாசலுக்கு வந்துவிட்டீர்கள்.

“என்ன டீச்சர் சொல்லிக் குடுக்குறீக பிள்ளைகளுக்கு? வலைல நண்ட விட்டா நண்டும் போச்சு, வலையும் போச்சு. இந்தா பாருங்க, எம்புட்டுக் கிழிசல்னு!”

“அண்ணே, வேதத்துல...” என்று இழுத்தேன்.

“வேதத்துல வயலு. வயலுக்கு ஓரம் இருக்கு. வலைக்கு ஏது ஓரம்?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பாஸ்டருக்குச் சரியாக அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது. என் கடை மருந்து சுத்தமாக வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

ரோஸ்லின் எழுந்து வந்தாள். அழவில்லை. “அப்ப எதுதாம்ப்பா நம்ம ஓரம்?”

“நமக்கு அப்புடி ஒண்ணுங் கெடையாது. போயி உக்காரு.”

“இருந்துச்சு” என்றது ஒரு குரல். கார்த்திகா. எழுந்திருக்கக்கூட இல்லை, பாயில் உட்கார்ந்தபடியே சொன்னாள். “போன வருசம் இருந்துச்சு. காலு ஒடிஞ்ச நண்டு.”

சம்மாட்டியின் குரல் இறங்கிவிட்டது. “அதத்தான் இப்ப கம்பெனிக்காரவுக எடுத்துக்கிறாகளே தாயி...”

“கம்பெனிக்காரவுக ஏழையாப்பா?” என்றாள் ரோஸ்லின்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சட்டம் ஏழைக்கு என்கிறது, எடுக்கிறவர் கம்பெனிக்காரர்... அப்படியானால் கம்பெனிக்காரர் ஏழையாகத்தானே இருக்க வேண்டும்? இருபத்தாறு பிள்ளைகளும் சம்மாட்டியையே பார்த்தார்கள். அவர் தொட்டியைப் பார்த்தார். யாரோ புத்திசாலித்தனமாக அவர் கையில் ஒரு பன்னைக் கொடுத்தார்கள். பன்னும் தொட்டியுமாகத் திரும்பி நடந்தார். கேட்டருகே நின்று, “இனிமே பாடம் நடத்துறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்ருங்க டீச்சர்” என்றார்.

அன்று கடையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வி என்னோடு ஸ்கூட்டியில் ஏறி வந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஓரம் என்று ஒன்று எங்கேயாவது மிச்சமிருக்கிறதா? பக்கத்து வீட்டு முருங்கையில் கீரை ஒடித்துக்கொண்டு போவதற்கு ஒரு காலத்தில் கேட்கக்கூட வேண்டாம். இப்போது அதைப் பொடியாக்கி டப்பாவில் அடைத்து என் கடையிலேயே விற்கிறேன். தேங்காய்ச் சிரட்டையை ஆன்லைனில் விற்கிறார்கள், பாலிஷ் போட்டு. எல்லாரும் நல்லவர்கள்தான். யாரும் யாரையும் விரட்டவில்லை. ஒடிந்த காலுக்கு ஒரு விலை வந்தது, அவ்வளவுதான். விலை வந்த இடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பனை நிழலுக்குப் போய்விட்டார்.

பிரான்சிஸ் சம்மாட்டியைப் பற்றி இப்படிப் பெருந்தன்மையாக யோசித்துக்கொண்டே தலையைத் திருப்பினால், என் கடை வாசற்படி. வெயில் நேரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் அந்தப் படியில்தான் உட்காருவார்கள். ஒரு வருஷம் முன்னால் ஒரு சோப்பு ஏஜென்ட் வந்து, அங்கே கண்ணாடி ஸ்டாண்டு வைத்துக்கொள்ளட்டுமா, மாசம் இவ்வளவு தருகிறேன் என்றார். வழக்கம்போல “சரி” என்றேன். அதன் பிறகு அந்தப் படியில் சோப்புதான் உட்கார்ந்திருக்கிறது. சோப்புக்கு எந்த பஸ்ஸும் பிடிக்க வேண்டியதில்லை.

அந்த ஸ்டாண்டை இந்த மாதத்தோடு எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். நீங்கள் சாட்சி. கணவருக்கு இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

ரெண்டு நாள் கழித்து, நான் ஸ்கூட்டியை எடுக்கிற நேரத்தில் போன் வந்தது.

“டீச்சர், பிரான்சிஸ் பேசுறேன்.”

இந்தத் தடவை எது நாறியதோ?

“எம்மக என்னைய உசுரோட விட மாட்டேங்கா டீச்சர். சோறு திங்க உக்காந்தா, கம்பெனிக்காரவுக ஏழையாப்பா. வலைய எடுத்தா, கம்பெனிக்காரவுக ஏழையாப்பா. அவ ஆத்தாளும் சேந்துக்கிட்டா. அந்த உத்தரகோசமங்கைக்காரம்மாள வரச் சொல்லிட்டேன். இன்னைக்கு ஒரு நாளு பாப்பம். ரெண்டு வலை அவுகளுக்கு. ஒடிஞ்சதெல்லாம் அவுகளது. ஆனா ஒண்ணு டீச்சர், மத்த சம்மாட்டிமாரு எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாக. அந்தம்மா வேணும்னு கால ஒடிச்சுச்சுன்னு ஒரு பேச்சு வந்துச்சு, அத்தோட முடிஞ்சது.”

பதினோரு மணி பன்னைப் பையில் போட்டுக்கொண்டு எல்லாரும் கரைக்கு ஓடினோம். சர்ச்சுக்குப் பின்பக்கம்தான் கரை. தென்னங்கீற்றுக் கொட்டகைக்குக் கீழே வலைகள் பரப்பிக் கிடந்தன. பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தார்! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வலைக்குப் பக்கத்திலேயே. கார்த்திகா எங்களை விட்டுவிட்டு ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நியாயம் ஜெயித்துவிட்டது, இன்றைக்குப் பத்திக்கு விஷயமும் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மேற்கொண்டு என்ன வேண்டும்?

அப்புறம்தான் அவர் கூடையைப் பார்த்தேன்.

இரண்டு நண்டு. இரண்டே இரண்டு.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நாலு சம்மாட்டிகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். வேண்டுமென்றே ஒடித்தாள் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் உட்கார்ந்த இடம் போய்விடும். ஆகவே பாண்டியம்மாள் ஒவ்வொரு நண்டையும் பச்சைக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதுபோல எடுத்துக்கொண்டிருந்தார். வலைக் கண்ணியை ஒவ்வொன்றாக நீக்கி, கொடுக்கை விடுவித்து, காலை விடுவித்து... நண்டு விரலைக் கவ்வினால்கூட உதறவில்லை. உதறினால் கால் போய்விடுமே. விரலில் ரத்தம். சம்மாட்டியின் தொட்டியில் முழு நண்டுகள் நிறைந்து வழிந்தன. மற்ற வலைகளில் உட்கார்ந்திருந்த சம்மாட்டி வீட்டு ஆட்கள் ஒடித்ததில் பாதிகூட இங்கே ஒடியவில்லை.

எவ்வளவு யோக்கியமாக வேலை செய்கிறாரோ, அவ்வளவு வெறுங்கூடையோடு வீட்டுக்குப் போக வேண்டும். என்ன நியாயம் இது? இரண்டு நண்டை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் ஏறி ஊருக்குப் போய் யாரிடம் விற்பது? நாளைக்கு எதற்காக வருவார்? ஒரு நாள் பார்ப்போம் என்றாரே சம்மாட்டி... இந்த ஒரு நாளோடு தானாகவே முடிந்துவிடும். யாரையும் குறை சொல்லவும் முடியாது. ரோஸ்லின் கூடையையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. முதல் தடவையாக அவளிடம் கேள்வி எதுவும் இல்லை.

கடைசி முழமும் முடிந்தது. பாண்டியம்மாள் வலையை மடித்து வைத்தார். கையை மண்ணில் துடைத்துக்கொண்டு எழுந்து, “வாரேன் சம்மாட்டி” என்றார்.

“இரும்மா.”

பிரான்சிஸ் சம்மாட்டி தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார். உள்ளதிலேயே பெரிய நண்டாகப் பார்த்து ஒன்றை எடுத்தார். நீலமும் வெள்ளையுமாக, நல்ல கனம். மற்ற சம்மாட்டிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே...

படக்.

“அடடா” என்றார். “ஒடிஞ்சு போச்சே.”

அதைப் பாண்டியம்மாளின் கூடையில் போட்டார். இன்னொன்றை எடுத்தார். படக். “இதுவுமா?” அதுவும் கூடைக்குப் போயிற்று. அப்புறம் மூன்றாவது. நாலாவது. பாண்டியம்மாள் கூடையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று அந்த முகத்துக்குத் தெரியவில்லை.

“அப்பா, நீயேதான் ஒடிக்...” என்று ஆரம்பித்தாள் ரோஸ்லின்.

“ஏய், சும்மா கெட! எனக்கு வயசாகுதுல்ல? கை நடுங்குது.”

நாற்பத்திரண்டு வயசு. வள்ளத்தை ஒற்றைத் தோளில் முட்டி மணலில் ஏற்றுகிற கை அது.

சுற்றி நின்ற சம்மாட்டிகளில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் தொட்டிப் பக்கம் போனார். “எனக்கும் என்னமோ காலைல இருந்து கை ஒரு மாதிரியாத்தான் இருக்கு” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டார். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எல்லாரும் ஒரே நாளில் மாறிவிடுவார்களா என்ன?

கூடை கனத்தது. கார்த்திகா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். “நாளைக்கு வெள்ளன வந்துரும்மா” என்றார் பிரான்சிஸ் சம்மாட்டி, யார் முகத்தையும் பார்க்காமல். “எங்கையி நாளைக்கும் நடுங்கும்போலத்தான் இருக்கு.”

வேதத்தில் ஒரு நிலத்துக்காரர் வருவார். தன் வயலில் கதிர் பொறுக்க வந்த வெளியூர்ப் பெண்ணுக்காக, அறுத்த கதிரில் கொஞ்சத்தை வேண்டுமென்றே கீழே நழுவவிடுங்கள் என்று வேலைக்காரர்களிடம் சொல்லி வைப்பார். மறுநாள் பாடம் அதுதான். அதற்காக ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து, வயல், கதிர், அரிவாள் எல்லாம் வரைந்து பெரிய சார்ட் தயார் செய்திருந்தேன்.

சார்ட் வீணாகப் போய்விட்டது. பிள்ளைகள் பாடத்தை முந்தின நாளே பார்த்துவிட்டார்கள்!